நகல் இயந்திரம் வாங்குமுன்: டிரம், டோனர், ஃபியூசர் பற்றி ஓர் ஒப்பீடு

நகல் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்பவை பெரும்பாலும் மூன்று கேள்விகள்தாம்: நிமிடத்துக்கு எத்தனை பக்கம் வரும், விலை என்ன, எந்தக் கம்பெனி. மூன்றும் கேட்க வேண்டியவையே. ஆனால் ஓராண்டு ஓட்டிய பிறகு ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகிறது என்று கணக்குப் பார்க்கும்போது, அந்தத் தொகையைத் தீர்மானித்தவை வேறு நான்கு விஷயங்களாக இருக்கும். நகலின் உருவம் முதலில் விழும் உருளையான டிரம் எந்தப் பொருளால் ஆனது, அதற்கு மின்னூட்டம் தருவது கம்பியா ரோலரா, டோனர் என்ற மைப்பொடி தனியாக வேலை செய்கிறதா காந்தத் துகள்களுடன் டெவலப்பராகக் கலந்து வேலை செய்கிறதா, தாளில் பொடியை உருக்கிப் பதிக்கும் ஃபியூசர் எந்த வகை என்பனவே அவை. ஒரே விலையில், ஒரே வேகத்தில் கிடைக்கும் இரண்டு இயந்திரங்கள் இந்த நான்கிலும் முற்றிலும் வேறுபட்டிருக்கலாம்.

இந்த நான்கு இடங்களிலும் வந்த கண்டுபிடிப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். தேய்மானத்தை அடியோடு ஒழித்த கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தேய்மானத்தை ஓர் உறுப்பிலிருந்து எடுத்து வேறோர் உறுப்பின் தலையில் வைத்திருக்கிறது, அல்லது பணச்செலவைக் குறைத்துக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியிருக்கிறது. ஆகவே, எது உயர்ந்த தொழில்நுட்பம் என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. நம்முடைய வேலை எப்படி வருகிறது, எந்த இடத்தில் தேய்ந்தால் நம்மால் தாங்க முடியும் என்று கேட்டால் கிடைக்கும். இந்தக் கட்டுரை மூன்று வகை வாங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது: தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் கடை வைத்திருப்பவர், கல்லூரி வாசலில் கடை வைத்திருப்பவர், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வழக்கறிஞர் அல்லது தணிக்கையாளர்.

அடிப்படைச் செயல்முறை இன்றும் செஸ்டர் கார்ல்சன் வகுத்ததுதான். நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிய அவர், ஆவணங்களுக்குப் பிரதி எடுக்கும் தொல்லையிலிருந்து விடுபட வழி தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறையில், ஓட்டோ கோர்னேய் என்ற உதவியாளருடன் சேர்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார். எழுத்துள்ள கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். லைக்கோபோடியம் என்ற தாவரப் பொடியைத் தூவி, அதில் ஒட்டிய எழுத்தை மெழுகுத் தாளுக்கு மாற்றினார். 1942-இல் காப்புரிமை கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் பல கைவிரித்தபின் பேட்டல் ஆய்வு நிறுவனமும், அதன்பின் ராச்செஸ்டரைச் சேர்ந்த ஹாலாய்டு நிறுவனமும் இதைக் கையிலெடுக்க, 1959-இல் ஜெராக்ஸ் 914 சந்தைக்கு வந்தது. மின்னூட்டுதல், ஒளி பாய்ச்சுதல், பொடி ஒட்டுதல், தாளுக்கு மாற்றுதல், உருக்கிப் பதித்தல், மிச்சத்தைத் துடைத்தல் என்ற ஆறு படிகளும் அன்றுபோலவே இன்றும் இருக்கின்றன. மாறியவை ஒவ்வொரு படியையும் செய்யும் உறுப்புகள்.

டிரம்மிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் மற்ற உறுப்புகளின் தேர்வுகளில் பாதி டிரம்மின் இயல்பால் கட்டாயமாகின்றன. கார்ல்சனின் கந்தகத்துக்குப் பதிலாக, ஒளிக்கு மிகவும் நன்றாக இசையும் செலினியத்தைப் பேட்டல் ஆய்வாளர்கள் கொண்டுவந்தனர். 914 இயந்திரமும் அதன் பின்வந்தவையும் செலினியம் பூசிய அலுமினிய உருளையில்தான் ஓடின. செலினியம் விலை கூடியது, நச்சுத்தன்மை உடையது, வெப்பம் கூடினால் படிகமாக மாறிக் கெட்டுப்போகக் கூடியது. 1970-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் நகல் இயந்திரத்தில் கரிம ஒளிகடத்தி, அதாவது ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் சேர்மம், வந்தது. இன்று கடைகளில் ஓபிசி டிரம் என்று கேட்டு வாங்குவது அந்த மரபின் வாரிசுதான். ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று ஒளியை வாங்கி மின்னேற்றத்தை உண்டாக்கும்; அதன்மேல் 20 முதல் 30 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் அடுக்கு அந்த மின்னேற்றத்தை மேற்பரப்புக்குக் கொண்டுசெல்லும். செய்வது மலிவு, எந்த அளவிலும் செய்யலாம், லேசரின் அலைநீளத்துக்கு ஏற்பச் சாயத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மேலடுக்கு பிளாஸ்டிக் என்பதால், துடைக்கும் பிளேடும் தாளும் டோனரும் ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகின்றன. போதிய தடிமன் இல்லாமல் போகும்போது அது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்க முடியாமல், தாள் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல நகல் வரும்.

இதற்கு மாற்றாக வந்தது அமார்ஃபஸ் (படிக அமைப்பற்ற) சிலிக்கான் டிரம். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1980-களில் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கி, 1992-இல் ஈகோசிஸ் என்ற பெயரில் வெளியிட்ட பிரிண்டர்களில் வைத்தது. டிரம்மை அடிக்கடி தூக்கியெறிய வேண்டியதில்லை, டோனரை மட்டும் ஊற்றினால் போதும் என்பதே அந்த வரிசையின் விற்பனைச் செய்தி. கேனன் நிறுவனமும் தன் அதிவேக நகல் இயந்திரங்கள் பலவற்றில் இதே பொருளைப் பயன்படுத்தியது. கரிம டிரம்மைவிடப் பன்மடங்கு கடினமான மேற்பரப்பு என்பதால், லட்சக்கணக்கான பக்கங்கள் ஓடியும் இதன் தடிமன் பெரிதாகக் குறைவதில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. கடலோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மின்னூட்டும்போது காற்றில் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகி டிரம்மின் மேல் படிகின்றன. காற்றில் ஈரம் கூடும்போது அந்தப் படிவு நீரை உறிஞ்சி லேசாக மின்கடத்தத் தொடங்குகிறது. டிரம்மில் எழுதப்பட்ட உருவம் பக்கவாட்டில் கசிந்து, எழுத்துகள் நனைந்த தாளில் எழுதியவைபோலக் கலங்கிவிடுகின்றன. கரிம டிரம்மில் மேற்பரப்பு தேய்ந்துகொண்டே இருப்பதால் இந்தப் படிவும் கூடவே சுரண்டப்பட்டுப் போய்விடும். சிலிக்கான் டிரம் தேயாது. ஆகவே படிவும் போகாது. அதன் சிறப்பே அதன் நோய்க்கும் காரணம். இதனால்தான் இத்தகைய இயந்திரங்களில் டிரம்முக்குள் ஒரு ஹீட்டர் வைத்து, மேற்பரப்பை எப்போதும் உலர்வாக வைத்திருக்கிறார்கள். பல மாடல்களில் முன்பக்க ஸ்விட்சை அணைத்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இந்த ஹீட்டர் வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள். நம் ஊரிலோ, கடை மூடும்போது மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் காலையில் கடையைத் திறந்து எடுக்கும் முதல் நகல்கள் கலங்கலாக வந்தால், டிரம் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்குமுன், இரவில் ஹீட்டருக்கு மின்சாரம் இருந்ததா என்று பார்ப்பது நல்லது.

ஆக, டிரம் விஷயத்தில் என் கருத்து இது: மாதம் பல்லாயிரம் பக்கங்கள் ஓடுகிற, இரவிலும் மின்சாரம் விட்டுவைக்கக்கூடிய இடத்துக்குச் சிலிக்கான் டிரம் பொருந்தும். மற்றவர்களுக்குக் கரிம டிரம்மே போதும். ஒரு டிரம் 3,000 ரூபாய் என்றும் 60,000 பக்கம் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 5 பைசாதான் ஆகிறது. அதை மிச்சம்பிடிக்க இயந்திரத்தின் விலையில் பெருந்தொகை கூடுதலாகக் கொடுப்பது, மாதம் 3,000 பக்கம் எடுப்பவருக்குக் கட்டுப்படியாகாது. இன்னொரு எச்சரிக்கை: நீண்டநாள் உழைக்கும் டிரம் என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன் அது சிலிக்கான்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மேம்படுத்திய கரிம டிரம்களும் இப்போது 1,00,000 பக்கமும் அதற்கு மேலும் உறுதியளிக்கப்பட்டு விற்கின்றன.

மின்னூட்டும் முறையில் போட்டி கரோனா கம்பிக்கும் சார்ஜ் ரோலருக்கும் இடையில். கரோனா முறையில் தலைமுடியளவு மெல்லிய டங்ஸ்டன் கம்பிக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுத்துச் சுற்றியுள்ள காற்றை அயனியாக்குவார்கள். டிரம்மைத் தொடாமலே மின்னூட்டம் இறங்கும். ரோலர் முறையில் மின்கடத்தும் ரப்பர் உருளை டிரம்மை ஒட்டியே சுழலும். மிகக் குறைந்த வோல்ட்டே போதும், ஓசோனும் சொற்பமாகவே வரும். பழைய ஜெராக்ஸ் கடைகளுக்கே உரிய அந்தக் காரமான வாடை ஓசோனின் வாடைதான். கரிம டிரம்முக்கு எதிர்மின்னூட்டம் தேவைப்படுவதும், எதிர்மின் கரோனா நேர்மின் கரோனாவைவிடப் பல மடங்கு ஓசோனை வெளிவிடுவதும் அதற்குக் காரணங்கள். 1990-களில் சிறு பிரிண்டர்களில் பெரும்பாலானவை ரோலருக்கு மாறியதும் மூடிய அலுவலக அறைக்குள் மேஜைமேலேயே அவற்றை வைக்க முடிந்தது. ஆனால் ரோலர் டிரம்மைத் தொடுகிறது. அதில் ஓடும் மாறுதிசை மின்னழுத்தம் டிரம்மின் மேலடுக்கை அரிக்கிறது. ஓசோன் குறைந்த அளவுக்கு டிரம் தேய்மானம் கூடியது. கம்பி அழுக்கானால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். ரோலர் அழுக்கேறினால் துடைப்பது சிறிது நாளைக்குத்தான் தாங்கும், பின்னர் மாற்ற வேண்டியதே.

ரோலர் உள்ள சிறு இயந்திரத்தில், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நகலில் ஒரு கரும்புள்ளி ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும், டிரம்மும் டோனரும் ஒரே பெட்டியில் அடங்கிய, எச்பியின் 12ஏ வகைக் காட்ரிட்ஜில் டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு 75 மில்லிமீட்டர் சொச்சம். புள்ளிகள் அந்த இடைவெளியில் வந்தால் கீறல் டிரம்மில் இருக்கிறது. 38 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் குற்றவாளி அதில் பாதி விட்டமுள்ள சார்ஜ் ரோலர், மெக்கானிக்குகள் பிசிஆர் என்று சொல்வது. இதைத் தெரிந்துகொண்டால், 38 மில்லிமீட்டர் புள்ளிக்கு டிரம்மை மாற்றிவிட்டுப் பணத்தையும் கொடுத்து ஏமாறாமல் இருக்கலாம்.

அடுத்து, பொடியை டிரம்மில் ஒட்டும் முறை. ஜெராக்ஸ் 914-இல் டோனர் ஒட்டிய பெரிய மணிகளை டிரம்மின் மேல் அருவிபோலக் கொட்டினார்கள். மெல்லிய எழுத்துகள் நன்றாக வந்தன. பெரிய கறுப்புப் பரப்புகளோ ஓரம் மட்டும் கறுத்து நடு வெளுத்து வந்தன. காந்தத் தூரிகை முறை அந்தக் குறையைத் தீர்த்தது. காந்த உருளையின் மேல், காந்தத்தில் ஒட்டும் ஃபெரைட் துகள்கள் தூரிகை மயிர்போல எழுந்து நிற்க, அவற்றில் ஒட்டிய டோனர் டிரம்மைத் தடவிச் செல்லும். இதில் ஃபெரைட் துகள்களும் டோனரும் சேர்ந்த கலவைதான் டெவலப்பர். எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு அளவில் மட்டும் டோனர் இருக்கும். ஃபெரைட் தாளுக்குப் போவதில்லை, உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். ஆனால் காலப்போக்கில் டோனரின் பிசின் அதன்மேல் படலமாகப் படிந்து, டோனருக்கு மின்னூட்டம் தரும் ஆற்றலை இழக்கிறது. அப்போது பின்னணி கறுக்கும், இயந்திரத்துக்குள் பொடி பறக்கும், டெவலப்பரை மாற்ற வேண்டிவரும். புதிய டோனருடன் சிறிதளவு புதிய ஃபெரைட்டையும் தொடர்ந்து உள்ளே விட்டு, பழையதை மெல்ல வெளியேற்றும் முறை பின்னர் வந்தது. டெவலப்பர் மாற்றும் சர்வீஸ் வருகைகள் அதனால் வெகுவாகக் குறைந்தன. பெரிய வண்ண இயந்திரங்களில் இது பயனுள்ள மேம்பாடு.

மற்றொரு பாதை ஃபெரைட்டையே நீக்கிவிட்டது. டோனருக்குள்ளேயே மேக்னடைட் என்ற காந்தப் பொருளைச் சேர்த்துவிட்டால், அது உருளையில் தானாகவே ஒட்டும். மிகச் சிறிய இடைவெளியைத் தாண்டி மின்புலத்தின் உந்துதலால் டிரம்முக்குக் குதிக்கும். கேனன் 1970-களின் இறுதியில் கொண்டுவந்த இந்த முறை இல்லாமல், 1982-இல் அதே நிறுவனம் வெளியிட்ட பிசி-10 போன்ற மேஜைமேல் வைக்கும் நகல் இயந்திரம் சாத்தியப்பட்டிருக்காது. டிரம், மின்னூட்டி, டோனர், துடைப்பான் எல்லாம் ஒரே காட்ரிட்ஜுக்குள் அடங்கின; கெட்டுப்போகக்கூடிய உறுப்புகளில் பெரும்பாலானவற்றை, மெக்கானிக்கைக் கூப்பிடாமல், கடைக்காரரே ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்றானது. 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட் கேனனின் எந்திரத்தைக் கொண்டே செய்யப்பட்டது. அதற்குப் பிந்தைய சிறு லேசர் பிரிண்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியையே பின்பற்றின.

காட்ரிட்ஜ் முறையின் வசதி உண்மையானது. அதற்கான விலையும் உண்மையானது. 12ஏ காட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் அளவு 2,000 பக்கம். அதுவும் தாளின் பரப்பில் 5 சதவீதம் மட்டும் எழுத்து இருந்தால். ஒரு சாதாரணக் கடிதத்துக்கு இந்தக் கணக்கு சரி. புகைப்படமும் நிறப் பின்னணியும் உள்ள ஆதார் அட்டையையோ, பழைய மஞ்சளேறிய பத்திரத்தையோ நகல் எடுக்கும்போது பரப்பு பல மடங்காகிறது. தடித்த புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியைத் திறந்தபடி நகல் எடுப்பவர்கள், சுற்றிலும் விழும் கறுப்புப் பட்டைக்கு எவ்வளவு டோனர் போகிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்ப்பதில்லை. டோனர் தீரும்போது டிரம்மில் பாதி ஆயுள் மிச்சமிருக்கும். நிறுவனம் விதித்தபடி நடந்தால் அதையும் சேர்த்து எறிய வேண்டும். அந்த மிச்ச ஆயுளின்மேல் எழுந்ததுதான் நம் ஊர் ரீஃபில் தொழில் முழுவதும். சென்னை ரிச்சி தெருவில் டோனர் பொடி, டிரம், பிசிஆர், பிளேடு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். அவற்றைக் கொண்டு ஒரே காட்ரிட்ஜைப் பலமுறை உயிர்ப்பிக்கலாம். ஃபெரைட் தேவைப்படாத ஒருகூறு டோனர் கொண்ட காட்ரிட்ஜில் ரீஃபில் ஓரளவு மன்னிக்கப்படும். டெவலப்பர் உள்ள இயந்திரத்திலோ, வேறு வகை டோனரை ஊற்றினால் அதற்கும் ஃபெரைட்டுக்கும் இடையிலான மின்னூட்டக் கணக்கே குலைந்து, டெவலப்பர் முழுவதும் பாழாகும். மலிவுப் பொடியில் சேமித்த பணம் ஒரு டெவலப்பர் பொட்டலத்திலேயே போய்விடும்.

டோனர் தயாரிப்பிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் பிசின், கரி, மெழுகு ஆகியவற்றை உருக்கிக் கலந்து, கட்டியாக்கி, அரைத்துச் சலித்தார்கள். துகள்கள் உடைந்த கல்போல ஒழுங்கற்று இருந்தன. இப்போது பல நிறுவனங்கள் நீர்மக் கரைசலில் துகள்களை வேதிவினையால் வளர்க்கின்றன. அவை ஏறத்தாழ ஒரே அளவில், 5 முதல் 7 மைக்ரான் வரை, உருண்டையாக இருக்கின்றன. எழுத்தின் விளிம்பு கூர்மையாகிறது, டிரம்மிலிருந்து தாளுக்கு முழுமையாக மாறுவதால் கழிவு டோனர் குறைகிறது, குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. எனினும் மிகச் சரியான உருண்டையாக இருந்தால் துடைக்கும் பிளேடுக்கு அடியில் உருண்டு தப்பிவிடும் என்பதால், வேண்டுமென்றே சற்று மேடுபள்ளமாக வளர்க்கிறார்கள். வாங்குபவருக்கு இதன் பொருள்: இத்தகைய டோனருக்கென வடிவமைத்த இயந்திரத்தில் அரைத்த பொடியை ஊற்றினால், ஃபியூசர் வெப்பம் போதாமல், விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும்.

ஃபியூசரின் தேர்வுதான், என் கணிப்பில், கடைக்காரரின் அன்றாட அனுபவத்தை மிக அதிகமாக மாற்றுவது. 914 இயந்திரத்தில் கதிர்வீச்சு வெப்பத்தால் டோனரை உருக்கினார்கள். தாள் சிக்கினால் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், இயந்திரத்துடன் ஒரு சிறிய தீயணைப்பானையும் கொடுத்து, அச்சம் தராத வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். அதன்பின் நிலைத்த முறை ஹீட் ரோலர்: ஹேலஜன் விளக்கு உள்ளே எரியும் டெஃப்லான் பூசிய உலோக உருளையும் ரப்பர் பிரஷர் ரோலரும் தாளைக் கவ்வி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் பொடியைப் பதிக்கின்றன. உருளை கனமானது, ஆகவே சூடேற நேரமாகும். சூடேறியபின் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும். ஆயிரம் தாள் தொடர்ந்து ஓடினாலும் கடைசித் தாளிலும் பதிவு உறுதியாக இருக்கும். ஆனால் வேலையில்லாத நேரத்திலும் அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அல்லது வாடிக்கையாளரைக் காக்கவைக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் கேனன் கொண்டுவந்த ஃபிலிம் ஃபியூசர் இந்த நிலையை மாற்றியது. கனமான உருளைக்குப் பதிலாக, தாளைவிட மெல்லிய பாலிஇமைடு குழல். அதற்குள் பட்டையாக ஒரு பீங்கான் ஹீட்டர். சூடேற்ற வேண்டிய பொருளே சொற்பம் என்பதால் சில விநாடிகளில் தயாராகிவிடும். வேலை இல்லாதபோது முற்றிலும் அணைந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து ஒரே ஒரு நகல் கேட்கும் கடையில், மின்கட்டணத்திலும் காத்திருப்பிலும் இதன் பயன் நேரடியாகத் தெரியும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களில் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஹீட் ரோலர் மீண்டும் சூடேறும்வரை நிற்க வேண்டியதில்லை.

இதன் பலவீனம் அந்த மெல்லிய குழல்தான். ஒருபக்கம் அச்சிட்ட பழைய தாளைத் திருப்பிப் போட்டுச் சிக்கனம் பிடிக்கும் கடைகளில், பிடுங்காமல் விட்ட ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனால், குழல் நீளவாக்கில் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் டோனர் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் கறை விழும். மெக்கானிக் வந்து, டெஃப்லான் போய்விட்டது என்று சொல்லி, குழலை மாற்றி உட்புறம் கிரீஸ் தடவிவிட்டுப் போவார். அகலம் குறைந்த தாளைத் தொடர்ந்து ஓட்டும்போது, தாள் படாத ஓரங்களில் வெப்பம் தேங்குவதால் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏ5 அளவில் துண்டறிக்கை எடுப்பவர்கள் இதைப் பழுது என்று நினைத்து முறையிடுவதுண்டு. இரண்டுக்கும் நடுவில், காந்தத் தூண்டலால் உருளையின் மேற்பரப்பை மட்டும் சூடேற்றும் இண்டக்ஷன் ஃபியூசர் இருக்கிறது. விரைவில் சூடேறும், வேகத்தையும் தாங்கும். ஆனால் பழுதானால் பவர் போர்டு உட்பட விலை கூடிய உறுப்புகளில் கைவைக்க வேண்டியிருக்கும். எந்த வகை ஃபியூசரானாலும், ஈரமேறிய தாளிலிருந்து எழும் நீராவி தாளைச் சுருட்டிச் சிக்கவைக்கும். மழைக்காலத்தில் தாள் கட்டைப் பிரித்து வெளியே போட்டுவைக்கக் கூடாது. ஹீட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் திடீரென எகிறுவதால், கணினிக்கு வாங்கிய சிறு யுபிஎஸ்ஸில் எந்த லேசர் இயந்திரத்தையும் இணைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஒளி பாய்ச்சும் முறையில் லேசரா எல்இடியா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. லேசரில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் பலமுகக் கண்ணாடி இருக்கிறது. எல்இடியில் அசையும் உறுப்பே கிடையாது. புழுதி மிகுந்த சாலையோரக் கடையில் லேசர் கண்ணாடியில் தூசி படிந்து நகல் மங்குவது வாடிக்கைதான், ஆனால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இந்த ஒரு வேறுபாட்டுக்காக எந்த இயந்திரத்தையும் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ வேண்டியதில்லை.

இனி மூவருக்கும் என்ன பொருந்தும் என்று பார்க்கலாம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் இருப்பவருக்கு வேலை சிதறலாக வரும். ஒருவருக்கு இரண்டு நகல், அடுத்தவருக்கு ஒன்று. அவருக்கு முதல் நகல் எத்தனை விநாடியில் வரும் என்பதே முக்கியம், நிமிடத்துக்கு எத்தனை என்பது அன்று. ஃபிலிம் அல்லது இண்டக்ஷன் ஃபியூசர், கரிம டிரம், டோனரையும் டிரம்மையும் தனித்தனியாக மாற்றக்கூடிய அமைப்பு, லீகல் அளவுப் பத்திரத்தை முழுதாக ஏற்கும் கண்ணாடி ஆகியவை உள்ள, நிமிடத்துக்கு 20 அல்லது 25 பக்கம் தரும் இயந்திரம் போதும். வேகம் கூடிய, ஹீட் ரோலர் உள்ள பழைய பெரிய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், நாள் முழுக்க உருளையைச் சூடாக வைத்திருக்கும் மின்கட்டணத்தில் அந்த மலிவு கரைந்துவிடும்.

கல்லூரி வாசலில் இருப்பவரின் நிலை நேர்மாறு. ஒரு பாடக்குறிப்பை அறுபது பிரதி எடுப்பது, ஆய்வேடு ஐந்து பிரதி எடுப்பது என்று வேலை மொத்தமாக வரும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இயந்திரம் ஓய்வே பெறாது. அவருக்குச் சிலிக்கான் டிரம்மும் ஹீட் ரோலர் அல்லது இண்டக்ஷன் ஃபியூசரும் உள்ள, நிமிடத்துக்கு 50 பக்கத்துக்கு மேல் தரும், புதுப்பிக்கப்பட்ட பெரிய இயந்திரமே லாபம். கரோனா கம்பியைத் துடைக்கவும், டிரம் ஹீட்டருக்கு இரவில் மின்சாரம் விட்டுவைக்கவும் அவர் பழகிக்கொள்ள வேண்டும். கூடவே, பெரியது பழுதாகும் நாளில் கடையை மூடாமலிருக்க, ஒரு சிறிய காட்ரிட்ஜ் இயந்திரத்தையும் ஓரமாக வைத்திருப்பது நல்லது.

வழக்கறிஞர், தணிக்கையாளர் அலுவலகங்களில் மாதம் 500 பக்கத்துக்குக் கீழே என்றால் எல்லாம் ஒன்றாக உள்ள காட்ரிட்ஜ் இயந்திரமே சரி. பக்கத்துக்குக் கூடுதலாகச் செலவானாலும் மொத்தத் தொகை சிறியது, மெக்கானிக்கை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மாதம் 1,500-ஐத் தாண்டினால் டிரம் தனி, டோனர் தனி என்றுள்ள மாடலுக்கு மாறலாம். இந்த இரண்டு எல்லைகளும் என் மதிப்பீடுதான். வாங்கும் நாளில் டோனர், டிரம் இரண்டின் விலையையும் அவை தரும் பக்கங்களால் வகுத்துப் பார்த்து அவரவர் திருத்திக்கொள்ளலாம்.

பழைய இயந்திரம் வாங்குபவர், இதுவரை ஓடிய பக்கங்களைக் காட்டும் கவுண்டர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மூடியைத் திறந்து வைத்து ஒரு முழுக் கறுப்புத் தாள் எடுத்துப் பார்த்தால், கரோனா அழுக்கும் டிரம் கீறலும் நீளவாக்கிலோ ஒழுங்கான இடைவெளியிலோ வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அடுத்து ஒரு வெற்றுத் தாளை நகலெடுத்தால், தேய்ந்த டெவலப்பரின் சாம்பல் பூப்பு தெரியும். வந்த தாளை உடனே விரலால் அழுத்தித் தேய்த்தால் ஃபியூசரின் நிலை தெரியும். விலை பேசி முடிந்தபின் சர்வீஸ் ஒப்பந்தத்தில் டிரம், டெவலப்பர், ஃபியூசர் குழல் மூன்றும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நுகர்பொருள்கள் நீங்கலாக என்று ஒரு வரி இருந்தால் இந்த மூன்றும் பெரும்பாலும் அந்த வரிக்குள் போய்விடும்.